இயற்பியலா, மின்னியலா: ஓர் உறையின் பின்புறத்தில் போட்ட கணக்கு

சிங்கப்பூரின் ஈசூனில், அண்ணன் வீட்டு உணவு மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. மூன்றுமே இணையத்தில் வந்த சேர்க்கை அறிவிப்புகள்தான். அண்ணன் அவற்றை அச்செடுத்து வைத்திருந்தார். தாளாகக் கையில் பிடித்தால்தான் அவருக்கு எதுவும் உறுதிப்படும். முதலாவது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதவியல், அறிவியல் கல்லூரியில் ஓர் இடம். அங்கே இயற்பியல் எடுக்க வேண்டும் என்பது அண்ணன் மகளின் ஆசை. இரண்டாவது, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னியல், மின்னணுப் பொறியியல். மூன்றாவது, லண்டனில் இயற்பியல். நகர மன்றத்திலிருந்து வந்த ஓர் உறையைத் திருப்பிப் போட்டு அண்ணன் பேனாவை எடுத்தார். குடும்பத்தில் இயற்பியல் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு அழைப்பு.

"அதைப் படித்து நீ என்ன ஆனாய் என்று அவளுக்குச் சொல்" என்றார். சொன்ன விதத்தில் சற்றுக் குத்தல் இருந்தது. 2003-ல் நான் பட்டம் வாங்கியபோது சார்ஸ் பரவிக்கொண்டிருந்தது, ஆளெடுப்பவர்கள் யாருமில்லை. ஏறத்தாழ ஓராண்டு உயர்நிலை நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்திக் காலம் தள்ளினேன். அப்போது அண்ணன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மகள் அதே பாடத்தைக் கேட்ட பிறகுதான், இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. அந்த ஓராண்டுக்குப் பிறகு உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இன்றும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையாளர் இல்லை. இதைப் படிப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கட்டணம். அண்ணன் அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதினார், ஆனால் உள்ளூர்ப் படிப்புகளைப் பொறுத்தவரை அங்கே ஒப்பிட ஒன்றுமே இல்லை. கல்வி அமைச்சின் கட்டண மானியம் போக, குடிமக்கள் இயற்பியலுக்குக் கட்டுவது ஆண்டுக்கு எட்டாயிரத்துச் சில்லறை சிங்கப்பூர் வெள்ளி. மின்னியல் பொறியியலுக்கும் எட்டாயிரத்துச் சில்லறைதான். மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் போன்ற சில படிப்புகள்தான் விலகி நிற்பவை. நான்கு ஆண்டுக்கு 34,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். இயற்பியல் மலிவான படிப்பு என்றோ பொறியியல் விலை உயர்ந்தது என்றோ யாராவது சொன்னால், வேறு நாட்டுக் கணக்கைச் சொல்கிறார் என்று பொருள்.

வேலை அனுமதியில் இங்கே குடும்பத்தோடு இருக்கும் தமிழ்நாட்டு நண்பர்கள் இதே கேள்வியோடு வருவதுண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு மானியம் கிடைத்தாலும் கட்டணம் குடிமக்களுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மானியம் வேண்டாம் என்றால் நான்கு மடங்கையும் தாண்டும். மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யவேண்டும் என்ற பிணைப்பு உண்டு. இயற்பியல் எடுப்பவருக்கு இந்தப் பிணைப்பு பொறியியல் எடுப்பவரைவிடக் கூடுதலாக உறைக்கும். பட்டம் முடிந்ததும் வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் போக நினைக்கிறவர்களே அதில் அதிகம்.

லண்டன் தாளில் ஆண்டுக் கட்டணம் 40,000 பவுண்டை ஒட்டி இருந்தது. ஒரு பவுண்டு ஏறத்தாழ 1.70 வெள்ளி என்று வைத்தால் 68,000 வெள்ளி. மூன்று ஆண்டுக்கு 204,000. தங்கிச் சாப்பிட மாதம் 1,500 பவுண்டாவது வேண்டும். ஆண்டில் ஒன்பது மாதம் என்று போட்டாலும் மூன்று ஆண்டுக்கு 69,000 வெள்ளி. கூட்டினால் 270,000 வெள்ளியைத் தாண்டுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜில் நான்கு ஆண்டு படிக்கும் கட்டணத்தைப்போல் எட்டு மடங்கு. விமானச் செலவை அண்ணன் சேர்க்கப் போனார், நான் தடுத்தேன். அதற்கு மேல் எழுதி என்ன ஆகப்போகிறது?

பணம் எங்கிருந்து வரும் என்பதிலும் லண்டன் தனித்து நிற்கிறது. மத்திய சேமநிதியின் கல்விக் கடன் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் நிலையங்களில் படிக்கத்தான். லண்டன் கட்டணத்துக்கு அதைத் தொட முடியாது. தனியார் கூட்டுரிமை வீடு வைத்திருப்பவர்கள் வீட்டின் மதிப்பின்மேல் கடன் வாங்குவார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டின்மேல் அப்படி வாங்க வழியில்லை. ஆகவே லண்டன் என்றால் கையிருப்பு அல்லது உபகாரச் சம்பளம். ஏ-ஸ்டார் போன்ற அரசு அமைப்புகள் அறிவியல் படிக்க வெளிநாடு அனுப்புகின்றன; திரும்பி வந்து பல ஆண்டுகள் அவர்களிடம் உழைக்கவேண்டும். அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றுகூடச் சொல்வேன். கிடைக்காமல் அகலக்கால் வைத்தால், மூன்றாம் ஆண்டில் அந்தப் பிள்ளை எலெக்ட்ரானைப் பற்றி நினைக்காது, அப்பாவின் ஓய்வுக்காலத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

அண்ணி மெதுவாகச் சென்னையைப் பற்றிக் கேட்டார். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் கணிதத்தையும் இயற்பியலையும் சேர்த்து மூன்றாண்டுப் பட்டம் தருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டம் உண்டு. இரண்டும் தரத்தில் யாருக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வுகள் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தயாராகியிருக்க வேண்டும். தொடக்கக் கல்லூரியில் படித்த பிள்ளை மே மாதத்தில் நினைத்து ஆகஸ்டில் சேரக்கூடிய இடங்கள் அல்ல. ஜெர்மனியும் பேச்சில் வந்தது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் இளங்கலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கின்றன. மொழியைக் கற்க ஓராண்டு தனியாக வேண்டும். முதுகலைக்கு அது நல்ல இடம். இப்போதைக்கு எடுத்து வைத்தோம்.

ஆக மேசையில் மிஞ்சியவை இரண்டு தாள்கள். கட்டணம் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான்.

கடன் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சேமநிதிக் கல்விக் கடனை "நம் பணம்தானே" என்று எடுக்கிறார்கள். அது பிள்ளை பெற்றோருக்குத் திருப்பிக் கட்டவேண்டிய கடன். எடுத்த நாளிலிருந்தே சாதாரணக் கணக்கின் வட்டி, அதாவது 2.5 விழுக்காடு, ஏறத் தொடங்கிவிடும். படிப்பு முடிந்து ஓராண்டில் ரொக்கமாகக் கட்டத் தொடங்கி, அதிகபட்சம் 12 ஆண்டுகளில் முடிக்கவேண்டும். கல்வி அமைச்சின் கட்டணக் கடன் வேறு மாதிரி. மானியம் போன கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும்வரை வட்டி இல்லை, பட்டம் பெற்ற பிறகுதான் வட்டி தொடங்கும். நான்கு ஆண்டு வட்டி ஏறாத கடன் முதல் பார்வையில் இனிக்கும். ஆனால் பிறகு வரும் வட்டி சந்தை விகிதத்தை ஒட்டியது, 2.5 விழுக்காட்டைவிடக் கூடுதலாக இருக்கலாம். முதல் வேலையில் வேகமாகக் கட்டிவிட முடியும் என்றால் அமைச்சின் கடன். இழுத்து இழுத்துக் கட்டவேண்டியிருக்கும் என்றால் சேமநிதி. மேற்படிப்புக்குப் போக நினைக்கும் இயற்பியல் மாணவி இரண்டாவது வகை. அண்ணனுக்கு 53 வயது ஆகிறது, 55-ல் தன் கணக்கில் எவ்வளவு நிற்கவேண்டும் என்பதையும் அவர் பார்க்கவேண்டும். இரண்டையும் கலந்து எடுக்கலாம் என்று உறையில் ஒரு கோடு போட்டோம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவிநிதிக்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. தகுதி இருப்பவர்கள் கூச்சப்படாமல் விண்ணப்பிக்கட்டும்; அதற்காகத்தான் மாதாமாதம் நம் சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்கள்.

இனிச் சம்பளம். இங்கேதான் அண்ணன் முகம் இறுகியது.

ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை வெளியிடுகின்றன. 2024-ல் பட்டம் பெற்றவர்களில் முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்தவர்களின் இடைநிலைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி. அப்படி வேலை கிடைத்தவர்கள் பத்துக்கு எட்டுப் பேர். கணினித் துறைக்காரர்களின் எண் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது, பொறியியல் 4,500-ஐ ஒட்டி, அறிவியல் நாலாயிரத்தை ஒட்டி. "மாதம் ஐந்நூறு குறைவு, ஆண்டுக்கு ஆறாயிரம்" என்று அண்ணன் எழுதி அடிக்கோடு போட்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் அப்பாவின் வாக்கு. அண்ணன் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டவர்.

அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆய்வு, பட்டம் வாங்கி ஏறத்தாழ ஆறு மாதத்தில் எடுக்கப்படுகிறது. நேராக முனைவர் பட்டத்துக்குப் போனவர்கள் வேலை தேடுவோர் கணக்கிலேயே வருவதில்லை. இயற்பியலில் வகுப்பின் முன்வரிசை பல ஆண்டுகளில் அப்படித்தான் போகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அறிவியல் பட்டத்தை மொத்தமாகக் காட்டுகிறது. உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் ஒரே வரியில் வருகின்றன, ஆகவே அந்த வரி இயற்பியலைப் பற்றித் தனியாக எதையும் சொல்வதில்லை. நன்யாங் இயற்பியலைத் தனி வரியாகக் காட்டுகிறது, ஆனால் வகுப்பு சிறியது; சில பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலே எண் ஆடும். ஓர் ஆண்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு மகளிடம் வாதாடவேண்டாம், ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள் என்றேன்.

இத்தனை தற்காப்புக்குப் பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் வேலை கிடைப்பதில் பொறியியல் பட்டதாரிக்கு ஒரு முன்தூரம் இருக்கிறது. எங்கள் தொழிலில் வெளியாகும் விளம்பரங்களைப் பாருங்கள்: மின்னியல், பொருளறிவியல், வேதிப் பொறியியல், "அல்லது இயற்பியல்" என்று முடியும். அந்த "அல்லது"க்குள்தான் நான் இருபது ஆண்டாக வாழ்கிறேன். நேர்முகத்தில் மின்னியல் பட்டதாரியிடம் என்ன செய்திருக்கிறாய் என்று கேட்பார்கள். என்னிடம் உனக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்காத இயற்பியல் பட்டதாரிகள்தான் துணைப்பாட வகுப்பில் தங்கிவிடுகிறார்கள்.

உள்ளே போன பிறகு கதை மாறுகிறது. இதைச் சற்று விரித்துச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும், ஏனென்றால் "இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலைதான்" என்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூட யாராவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் வேஃபர் என்று சொல்லும் சிலிக்கன் தட்டின்மேல் படலம் படிய வைப்பதும், வேண்டாத இடத்தில் அதை அரித்து எடுப்பதும் மாறி மாறி நூற்றுக்கணக்கான படிகளாக நடக்கும். அரிப்பது பிளாஸ்மா. இயந்திரத்தைத் திறந்து சுத்தம் செய்து மூடிய பிறகு, முதல் சில தட்டுகளில் அரிப்பு வேகம் வேறாக இருக்கும். பிறகு தானாகச் சரியாகும். நான் சேர்ந்த புதிதில் இது ஒருமுறை சரியாகவே இல்லை. மின்னியல் படித்த நண்பர் மின்வழங்கியையும் அதன் பொருத்தியையும் நாள் முழுக்கச் சோதித்தார். அது அவர் செய்யவேண்டிய வேலைதான், குறை எதுவும் கிடைக்கவில்லை. நான் சுவரைப் பற்றி யோசித்தேன். சுத்தம் செய்யும்போது சுவரில் படிந்திருந்த படலமும் போய்விடுகிறது. வெறுஞ்சுவரில் மோதும் வினைத்துகள்கள் அழியும் வீதம் வேறு. ஆகவே தட்டை வந்தடையும் துகள்களின் எண்ணிக்கையும் வேறு. சுவரைப் பழக்குவதற்கு இன்னும் சில வெற்றுத் தட்டுகளை ஓட்டிப் பார்த்தோம், அரிப்பு வேகம் பழைய அளவுக்கு வந்தது. இது மேதைமை ஒன்றும் இல்லை, இரண்டாம் ஆண்டு வெப்பவியலும் கொஞ்சம் துகள் கணக்கும். ஆனால் அந்த அறையில் அப்படி யோசிக்கும் ஒருவர் இருக்கவேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மறுபக்கம், சர்க்கியூட் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்ததை நான் ஒரு வாரம் தேடியதும் உண்டு.

உலகில் தயாராகும் சில்லுகளில் பத்தில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து போகிறது. சில்லு செய்யும் இயந்திரங்களில் ஐந்தில் ஒரு பங்கும் இங்கிருந்துதான். உட்லண்ட்ஸில் குளோபல்ஃபவுண்டரிஸும் மைக்ரானும், பாசிர் ரிஸில் யூஎம்சியும், அங் மோ கியோவில் எஸ்டி மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸும் இருக்கின்றன. தெம்பனிஸில் வேங்கார்டும் என்எக்ஸ்பியும் சேர்ந்து 7.8 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டில் ஒரு தொழிற்சாலை எழுப்புவதாக 2024 ஜூனில் அறிவித்தன. 2027-ல் உற்பத்தி தொடங்குவது திட்டம். பதினெட்டு வயதில் சேரும் பெண் பட்டம் வாங்கி வரும்போது இந்தத் தொழில் இங்கே இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். ஏற்ற இறக்கம் உள்ள தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆளைக் குறைத்த ஆண்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது யார் எந்தப் பட்டம் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

ஆசிரியப் பணியை அண்ணன் சற்று இளக்காரமாகச் சொன்னார், எனக்குப் பிடிக்கவில்லை. கல்வி அமைச்சில் சேர்ந்தால் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறும் காலத்திலேயே சம்பளம் வருகிறது, பயிற்சிக் கட்டணத்தையும் அமைச்சே பார்த்துக்கொள்கிறது, பதிலுக்குப் பணிப்பிணைப்பு. வருமானம் எந்த மாதமும் நிற்காத இயற்பியல் பாதை அது ஒன்றுதான். பிள்ளைகளைப் பிடிக்காதவர்கள் மட்டும் போகவேண்டாம்.

ஆராய்ச்சிதான் அவளுடைய கனவு. கெண்ட் ரிட்ஜில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007 முதல் இயங்குகிறது. உலகம் அறிந்த இடம். 2024 மே மாதத்தில் அரசாங்கம் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் வெள்ளியைக் குவாண்டம் துறைக்கு ஒதுக்கியது. பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்டால் கண் விரியும், விரியட்டும். ஆனால் இந்தப் பாதையின் விலைதான் உறையில் எழுதப்படாமல் இருந்தது. பட்டம் நான்கு ஆண்டு, அதன்பின் முனைவர் பட்டம் நான்கைந்து ஆண்டு. அதற்குப் பின் இரண்டோ மூன்றோ ஆண்டு ஒப்பந்தத்தில் முதுமுனைவர் ஆய்வு, ஒருமுறையோ இருமுறையோ, பெரும்பாலும் வேறு நாட்டில். முனைவர் படிப்பில் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை வரும், பட்டினி கிடக்கவேண்டியதில்லை. ஆனால் 22 வயதில் வேலைக்குப் போன தோழிக்குக் கிடைக்கும் ஆண்டு உயர்வும் போனஸும் கிடையாது. வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஆண் பிள்ளைகள் என்றால் தேசிய சேவை இரண்டு ஆண்டையும் கூட்டவேண்டும், முனைவர் ஆகும்போது முப்பதை நெருங்கிவிடுவார்கள். எட்டாயிரத்துச் சில்லறை வெள்ளிப் பட்டத்தின் உண்மையான விலை இந்த ஆண்டுகள்தான். கடைசியில் பேராசிரியர் இடம் கிடைப்பவர்கள் மிகச் சிலர், இலவு காத்த கிளிகள் பல. ஆனால் காத்திருந்த கிளிகள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஏ-ஸ்டாரின் ஆய்வகங்கள், பாதுகாப்புத் துறை ஆய்வகங்கள், வங்கிகளின் இடர்க்கணிப்புப் பிரிவுகள், எங்கள் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவுகள் எல்லாம் அவர்களை எடுத்துக்கொள்கின்றன. பாதுகாப்புத் துறைக்குக் குடியுரிமை முக்கியம். அவளுக்கு அது இருக்கிறது.

மருத்துவ இயற்பியலை அவளே சொன்னாள். தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023-ல் திறக்கப்பட்ட புரோட்டான் சிகிச்சை மையத்தைப் பற்றிப் படித்திருக்கிறாள். கதிர்வீச்சு எங்கே, எவ்வளவு விழவேண்டும் என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பவர்கள் அந்தத் துறை இயற்பியலாளர்கள்தான். நல்ல வேலை, மனத்துக்கும் நிறைவு. இளங்கலையோடு நிற்காது, முதுகலையும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும், இடங்கள் கொஞ்சம். குறித்துவைத்தோம்.

பிறகு நான் அண்ணனிடம் கதவுகளைப் பற்றிப் பேசினேன். எந்தப் பாதையிலிருந்து எதற்குத் தாவலாம், எதற்குத் தாவ முடியாது என்பது முதல் சம்பளத்தைவிட முக்கியம் என்பது என் எண்ணம். மின்னியல் படித்தவள், இரண்டு மூன்று கோட்பாட்டுப் பாடங்களைக் கூடுதலாக எடுத்திருந்தால், இயற்பியல் ஆய்வுக்குப் போகலாம். எங்கள் துறையில் அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் படித்தவள் சில்லுத் தொழிலுக்கும், தரவுப் பணிக்கும், பொறியியல் முதுகலைக்கும் போகலாம். ஆனால் ஒரு கதவு மூடிவிடும். பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர் ஆவதற்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் வேண்டும். கட்டடத்தின் மின்னமைப்பு வரைபடத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் உரிமை இயற்பியல் பட்டதாரிக்கு வராது. மின்சாரம், கட்டுமானம், ரயில் இவற்றில் ஆசை இருந்தால் பொறியியலைத் தவிர வேறு யோசனை வேண்டாம். அவளைக் கேட்டேன். "அத்தை, எனக்கு மின்மாற்றியைப் பார்த்தால் தூக்கம் வரும்" என்றாள். நன்யாங் மின்னியலின் பெரிய பலமே அந்தக் கையெழுத்தும், பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கும் வேலைப்பயிற்சியும்தான். முதலாவது இவளுக்குப் பயன்படாது. இரண்டாவதை வேறு இடத்திலும் தேடிக்கொள்ளலாம், ஆனால் அவளே தேடவேண்டும், யாரும் தட்டில் வைத்து நீட்டமாட்டார்கள்.

அண்ணன் கவனிக்காத ஒன்று முதல் தாளில் இருந்தது. 2021-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் சேர்வது இயற்பியலில் சேர்வது ஆகாது. கல்லூரிக்குள் நுழைந்து, சில பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முதன்மைப் பாடத்தை அறிவிப்பார்கள். நான்கு ஆண்டுக்கு 160 அலகுகள். அதில் எல்லாருக்கும் பொதுவான 13 பாடங்களும் முதன்மைப் பாடத்தின் 60 அலகுகளும் போக, 48 அலகுகள் சொந்த விருப்பத்துக்கு. இரண்டாவது முதன்மைப் பாடம் ஒன்று அந்த 48-க்குள் அடங்கிவிடும். புள்ளியியலோ, தரவு அறிவியலோ, கணினியோ எதுவாகவும் இருக்கலாம். என் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் சார்ஸ் ஆண்டில் நான் துணைப்பாடம் நடத்தியிருக்கமாட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் "உனக்கு என்ன தெரியும்" என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பேன். பொதுப் பாடங்களில் கட்டுரை எழுதவேண்டியிருக்கும், அதைச் சிலர் நேர விரயம் என்று முனகுகிறார்கள். ஆய்வறிக்கை எழுதத் தெரியாத பொறியாளர்களோடு இருபது ஆண்டு வேலை செய்த எனக்கு அந்த முனகலில் பங்கில்லை.

"அப்படியென்றால் கணினியையே முதன்மையாக எடுத்து இயற்பியலைப் பொழுதுபோக்காகப் படிக்கலாமே, சம்பளமும் கூட" என்றார் அண்ணன். அவருக்கு ராமனைச் சொன்னேன். சர் சி. வி. ராமனைப் பிள்ளைகளுக்கு நோபல் பரிசோடுதான் அறிமுகப்படுத்துகிறோம். 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்து, பத்து ஆண்டு அலுவலகக் கணக்கையும் பார்த்துக்கொண்டு காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வகத்தில் ஒலியையும் ஒளியையும் ஆராய்ந்தவர் அவர். 1917-ல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே பேராசிரியர் பதவிக்கு மாறினார். "பார்த்தாயா, முதலில் அரசாங்க வேலை" என்று அண்ணன் துள்ளினார். நான் சொல்ல வந்தது அது இல்லை. நூறு ஆண்டுக்கு முன் அலுவலகம் விட்டு நடந்து போய்ச் செய்யக்கூடிய ஆய்வாக இயற்பியல் இருந்தது. இன்று குளிர்விக்கப்பட்ட அணுக்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்க முடியாது. பொழுதுபோக்காகப் படிக்கலாம், செய்ய முடியாது. அவள் செய்ய ஆசைப்படுகிறாள். கணினித்துறையின் எண்களும் எப்போதும் இப்படியே நிற்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். புதியவர்களை எடுப்பதில் அங்கே கை இறுகிவருவதை நண்பர்களின் பிள்ளைகள் வழியாகப் பார்க்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு: இவளுக்கு, இந்த வீட்டுக்கு, முதல் தாள். வேறொரு பிள்ளைக்கு, குறிப்பாக 22 வயதில் வீட்டுச் செலவைத் தோளில் ஏற்கவேண்டிய பிள்ளைக்கு, நன்யாங் தாளைத்தான் கையில் கொடுத்திருப்பேன், ஆசை எதுவாக இருந்தாலும். அண்ணனுக்கு நிலையான வேலை இருக்கிறது, அண்ணியும் சம்பாதிக்கிறார், அவள் நான்கைந்து ஆண்டு தாமதமாகச் சம்பாதிக்கத் தொடங்கினால் குடும்பம் தாங்கும். அந்தத் தாங்குசக்தி இருக்கிறதா என்பதுதான் மூன்று தாள்களிலும் அச்சாகாத தகுதி. மதிப்பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு நிபந்தனை போட்டேன். முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறைக்குள் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் அங்கே இருக்கிறது, போய்க் கதவைத் தட்டவேண்டும். அளவீடு எடுத்து, அது சரிவராமல், மறுபடி எடுத்து, மறுபடி சரிவராமல் மூன்று வாரம் போகும். அதற்குப் பிறகும் மறுநாள் போகத் தோன்றுகிறதா என்று பார்க்கட்டும். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு தொழிற்சாலையிலோ வங்கியிலோ வேலைப்பயிற்சி. இரண்டும் முடிந்து மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் முனைவர் பட்டமா, வேலையா என்று பேசலாம். அதுவரை வீட்டில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனை அண்ணனுக்கு.

அண்ணன் உறையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். லண்டன் கணக்கின்மேல் ஒரு கோடு இழுத்தார். ஆண்டுக்கு ஆறாயிரம் என்று அடிக்கோடிட்டதை அடிக்கவில்லை, அப்படியே விட்டார். இடத்தை ஏற்றுக்கொள்ளக் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நன்யாங் தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். அண்ணி தோசைக்கு மாவு எடுக்க எழுந்து போனார். "அத்தை, உங்கள் பழைய வெப்பவியல் புத்தகம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது, பரணில்.